புளி போட்டுத் தேய்த்த ஹெட்லைட்

கார் வைத்திருந்த வீட்டுப் பெண்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். உங்கள் வீட்டுக் கார் ஓடியிருக்கும். எங்கள் வீட்டுக் கார் ஓடாது. மாட்டுங்காவில், ஸ்டேஷனிலிருந்து ஏழு நிமிஷ நடையில், மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் பின்பக்கக் காம்பவுண்டில் அது தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நான்கு வருஷம் நின்றது. அறுபதுகளின் பம்பாய் என்றால் என் வயதுக்காரர்கள் டிராம், பால் கார்டு, ரேஷன் கியூ என்று ஆரம்பிப்பீர்கள். எனக்கு முதலில் வருவது கிரீஸ் வாசனை. அடுத்தது அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை பனியன். அதை அம்மா மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனி வாளியில் ஊறவைப்பாள்.

அப்பா கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் ஸ்டெனோ. திங்கள் முதல் சனி மதியம் வரை வெள்ளைச் சட்டை, பேனா, சுருக்கெழுத்து. ஒரு துளி மசி சட்டையில் பட்டாலும் முகம் சுளிப்பார். அதே மனிதர் ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பார். தாதரில் இருந்த அவருடைய பழைய பார்ஸி முதலாளி வீட்டைக் காலி செய்து மகனோடு வெளிநாடு போனபோது, “இதை மதிக்கிறவன் யாரிடமாவது இருக்கட்டும்” என்று கொடுத்துவிட்டுப் போன கார் அது. காருக்கு அப்பாவைவிட நான்கு வயது குறைவு. மேலே கித்தான் கூரை, மடக்கிச் சாய்க்கிற முன்கண்ணாடி. டிரைவர் பக்கம் கதவே கிடையாது. கதவு இருப்பதுபோலத் தகரத்தில் ஒரு கோடு மட்டும் உண்டு. நான் அதைத் திறக்கப் பார்த்து இரண்டு நகத்தை உடைத்துக்கொண்டேன்.

வந்து சேர்ந்தபோது அதன் ஸீட்டுக்குள் எலிக் குடும்பம் இருந்தது. எஞ்சின் இறுகிப்போயிருந்தது. பெட்ரோல் டாங்குக்கு மூடி இல்லை. அந்த மூடிக்காக அப்பா எட்டு மாதம் வெள்ளிக்கிழமைகளில் ஆபீஸ் சாப்பாட்டு நேரத்தைத் தியாகம் செய்துவிட்டுப் பழைய சாமான் விற்கிற சோர் பஜாருக்குப் போய் வந்தார். ஒருநாள் பழைய குழாய்க் குவியலுக்கு அடியில் கிடைத்தது. அதை வேஷ்டி நுனியால் துடைத்து, தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினார். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, “சக்களத்திக்கு மூக்குத்தி வந்தாச்சு” என்றாள்.

அம்மா காரைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். அதில் பாதி கேலி. மீதிப் பாதி என்னவென்று அப்பா ஒருநாளும் விசாரித்ததில்லை.

வேலை தெரிந்த மனிதர் ஒருவர் இல்லாமல் ஸ்டெனோவால் என்ன செய்ய முடியும்? தாராவியிலிருந்து ஒரு ஃபிட்டர் வருவார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பஸ் பணிமனையில் வேலை. கட்டடம் முழுக்க அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டது. ஆறு நாளும் அரசாங்கத்து எஞ்சினைப் பார்த்துவிட்டு ஏழாம் நாளும் எஞ்சின்தானா என்று அம்மா ஒருமுறை கேட்டாள்.

“அது வேல மாமி. இது ஆச,” என்றார் அண்ணாச்சி. “பஸ்ஸுல போல்ட்டு போச்சுன்னா ஸ்டோர்ல போயி எடுத்து மாட்டிருவோம். இதுல போச்சுன்னா நாமளே செஞ்சிதான் மாட்டணும். அதுல ஒரு ருசி இருக்குல்லா?”

எஞ்சின் மூடிக்கு அடியில் எண்ணெய் ஒழுகாமல் வைக்கிற கேஸ்கெட்டை அவர் கையால் கார்க் தகட்டில் வெட்டுவதைப் பார்க்க வேண்டும். கத்தரிக்கோல் இருக்காது. எஞ்சின் விளிம்பில் தகட்டை வைத்துச் சின்னச் சுத்தியால் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே போவார், விளிம்பே தகட்டை வெட்டிக் கொடுத்துவிடும். வால்வுக்குப் பசை தடவி, ரப்பர் மூடி வைத்த குச்சியால் இப்படியும் அப்படியும் உருட்டித் தேய்ப்பது என் பங்கு. மாவாட்டும் சத்தம் கேட்கும். எட்டு வால்வையும் நான்தான் தேய்த்தேன், இன்றைக்கும் அதில் எனக்குப் பெருமை உண்டு.

எனக்குப் பத்து வயதான வருஷம், ஏப்ரல் மாத ஞாயிறு ஒன்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அப்பா முன்னால் கம்பியைப் போட்டுச் சுழற்ற, மூன்றாவது சுற்றில் கார் ஒரு தும்மல் போட்டது. பிறகு உறுமியது. அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். நான் குதித்தேன். நாலு வருஷத்துக் கரியும் எண்ணெயும் பின் குழாய் வழியாகக் கரும்புகையாகக் கிளம்பி, இரண்டாம் மாடி மாமி காம்பவுண்டில் பாய் விரித்துக் காயப்போட்டிருந்த வடாம் முழுவதையும் மூடியது.

வருஷத்து வடாம். மாமி அழுதாள். அழுதுகொண்டே நேரே கட்டடச் சொந்தக்காரரான சேட்டிடம் போனாள். மறுநாள் சேட் தன் வெள்ளைத் தொப்பியோடு பின்பக்கம் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அந்த இடத்தில் சுவர் எழுப்பி இரண்டு கடை வைக்க அவருக்கு வெகுநாளாக எண்ணம். “மே எண்ட் தக், ஸாப். பாஸிங் ஹோ கயா தோ ஆகே ரக்கோ. நஹி தோ குர்லா கா கபாடி,” என்றார்.

மே மாத முடிவு வரை கெடு. பாஸிங் என்றால் அரசாங்க இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்து, ரோட்டில் ஓடத் தகுந்ததென்று முத்திரை போடுவது. முத்திரை விழுந்தால் கட்டடத்துக்கு முன்னால் நிறுத்தலாம், சேட்டே இடம் தருவார். விழாவிட்டால் குர்லாவிலிருந்து பழைய இரும்புக்காரன் வந்து உடைத்து எடைக்கு எடுத்துப்போவான். அப்பா விண்ணப்பம் போட்டதில் கிடைத்தது மே மாதக் கடைசி வியாழக்கிழமை. அதை விட்டால் வேறு தேதி இல்லை. பிரேக் சரி, ஹாரன் சரி. ஹெட்லைட் இரண்டு மட்டும் பாக்கி.

அவற்றைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்தால், உள்ளே பல்புக்குப் பின்னால் கிண்ணம் மாதிரி இருக்குமே, ஒளியைத் திருப்பி அனுப்புவது, அது இரண்டும் அட்டைக்கரியாக இருந்தது. அப்பா அவற்றைப் பழைய வேஷ்டியில் சுற்றி அலமாரி மேல் வைத்தார். பாஸிங்குக்குச் சரியாக ஒரு வாரம் முந்திய வியாழக்கிழமை காலை, ஷூ மாட்டிக்கொண்டே பொதுவாகச் சொன்னார்: “அலமாரி மேல இருக்கறதை யாரும் தொடப்படாது.”

யாரும் என்றால் மற்றவர்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். எட்டு வால்வு தேய்த்தவள் எப்படி ‘யாரும்’ ஆவாள்?

வியாழக்கிழமை எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைக்காக விளக்குத் தேய்க்கிற நாள். அம்மா குத்துவிளக்கு, தாம்பாளம், சொம்பு எல்லாவற்றையும் பின் வராந்தாக் குழாயடியில் எடுத்து வைத்து, புளியும் ஊறவைத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். கோடை விடுமுறை. நான் சும்மா இருந்தேன், அதுதான் வினை. நாற்காலி போட்டு ஏறி ஒரு கிண்ணத்தை இறக்கினேன். பின்பக்கம் பித்தளை நன்றாகத் தெரிந்தது. பித்தளை என்றால் புளி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

புளியும் செங்கல் பொடியும் போட்டு அழுத்தித் தேய்த்தேன். கறுப்பு போனது. அடியில் வெள்ளையாக ஒரு பளபளப்புத் தெரிந்தது. அங்கேதான் நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எனக்குத் தெரிந்த வரையில் பித்தளையைத் தேய்த்தால் மஞ்சளாக வர வேண்டும். வெள்ளையாக இருக்கிறது என்றால் அழுக்கு இன்னும் போகவில்லை என்று அர்த்தம். மறுபடி புளி போட்டேன். கை வலிக்க வலிக்கத் தேய்த்து, அந்த வெள்ளையைக் கடைசிப் பொட்டு வரைக்கும் போக்கினேன். கிண்ணம் தங்கமாக ஜொலித்தது. கழுவி, மற்றப் பித்தளையையும் தேய்த்து, எல்லாவற்றையும் துண்டில் வரிசையாகக் கவிழ்த்துக் காயவைத்தேன். குத்துவிளக்குக்கும் சொம்புக்கும் நடுவில் ஹெட்லைட்.

அம்மா வந்தாள். பையைக் கீழே வைக்காமலே அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

“எதைப் போட்டுத் தேய்ச்சே?”

“புளி.”

“வெள்ளி முலாம்டீ இது,” என்றாள். குரல் உயரவில்லை. அதை அப்படியே வரிசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அப்பா சாயங்காலம் வி.டி. ஸ்டேஷனிலிருந்து வருகிற ரயிலில் வந்தார். முகம் கழுவக் குழாயடிக்குப் போனவர் துண்டைப் பார்த்து நின்றுவிட்டார். சமையலறை வாசலில் அம்மா. அம்மாவுக்குப் பின்னால் நான்.

“நாலு வருஷம்,” என்றார் அப்பா. “நாலு வருஷம் நானும் அண்ணாச்சியும் முதுகொடியப் பண்ணினதை நீ ஒரு மணி நேரத்துல தேய்ச்சு முடிச்சுட்டே. தொடாதேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? உனக்கு அது சக்களத்தி. அது ஒழியணும், அவ்வளவுதான்.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. “தெரியாம ஆயிடுத்து,” என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. பயம்தான் காரணம், வேறு ஒன்றும் இல்லை. அடி விழும் என்ற பயம்கூட இல்லை. அப்பா அடிக்கிறவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே வராதே என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் பயந்தேன்.

மறுநாள் அப்பா அம்மாவோடு பேசவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. “உங்கம்மாவை மோர் விடச் சொல்லு.” “உங்கம்மாகிட்ட சாவி எங்கேன்னு கேளு.” இரண்டடி தூரத்தில் நிற்கிறவளுக்கு நான் தூது. சனிக்கிழமை மதியம் என்னால் தாங்க முடியவில்லை. சமையலறைக்குப் போய், “அம்மா, நான் சொல்லிடறேன்,” என்றேன்.

அம்மா அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். “ஒண்ணும் சொல்ல வேண்டாம். என்மேல வந்த கோபம் ரெண்டு நாள்ல போயிடும். எங்கே போவார், சாப்பிட இங்கேதானே வரணும்? உன்மேல வந்தா உன்னை வண்டிகிட்டயே அண்ட விடமாட்டார். நீயும் முகத்தைத் தூக்கி வெச்சுண்டு திரிவே. வாயை மூடிண்டு இரு.” அப்பளத்தில் ஒன்றை என் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள். நான் அதைத் தின்றேன். நிம்மதியாகத்தான் தின்றேன், வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு அண்ணாச்சி வந்தார். மஞ்சள் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வெள்ளி பூராவும் போயிட்டு சார். இதுல பல்பு போட்டா சிம்னி வெளக்கு கணக்கா மங்கலாத்தான் இருக்கும். இன்ஸ்பெக்டர் கண்ண மூடிக்கிட்டா பாப்பான்? எங்கிட்ட லாரி லாம்பு ஒரு ஜோடி கெடக்கு. மாட்டிட்டுப் போயி முத்திரைய வாங்கிட்டு வந்துருவோம்.”

“லாரி லாம்பா? இந்த முகத்துலயா?” அப்பா எழுந்தேவிட்டார். “அப்புறம் அது எந்த வண்டி அண்ணாச்சி? நாலு வருஷம் எதுக்குப் பாடுபட்டோம்?”

“குர்லாக்காரன் மூஞ்சியப் பாத்தா சார் எடை போடப் போறான்?” அண்ணாச்சிக்கும் கோபம் வந்துவிட்டது. “இன்னும் நாலு நாளு இருக்கு. நீங்களே சொல்லுங்க, என்ன செய்யலாம்?”

காபி கொண்டுவந்த அம்மா டம்ளர்களை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். வேஷ்டியில் சுற்றியிருந்த இன்னொரு கிண்ணத்தை எடுத்தாள். அப்பா பதறிக்கொண்டு கையை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை. முந்தானை நுனியால் ஓரத்தில் லேசாக ஒற்றிப் பார்த்தாள்.

“இதுக்கு ஒண்ணும் ஆகலை,” என்று அண்ணாச்சியிடம் சொன்னாள். “வெள்ளி கறுத்திருக்கு, அவ்வளவுதான். இதை யார்கிட்டேயும் குடுக்க வேண்டாம்.”

சுவாமி அலமாரியிலிருந்து விபூதி மடலைக் கொண்டுவந்தாள். அப்பாவின் பழைய மல் வேஷ்டியில் ஒரு துண்டு கிழித்துக்கொண்டாள். விபூதியைத் துணியில் தொட்டு, நடுவிலிருந்து விளிம்புக்கு, விளிம்பிலிருந்து நடுவுக்கு என்று, குழந்தைக்குப் பவுடர் போடுகிற மாதிரி அழுத்தாமல் துடைத்தாள். அரை மணி ஆயிற்று. கறுப்பு மெல்ல விலகி, வெள்ளிச் சொம்பு மாதிரி ஆனது. நான் எட்டிப் பார்த்தேன். என் முகம் அதில் தலைகீழாகத் தெரிந்தது.

“அடேயப்பா,” என்றார் அண்ணாச்சி. “மாமி, இது நமக்குத் தோணலையே!”

அப்பா கிண்ணத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காபியைக் குடித்துவிட்டுக் கீழே போனார்.

ஒன்று ஆயிற்று. மற்றதற்கு அண்ணாச்சி வழி சொன்னார். தாராவியில் அவர் தெருவில் கொலுசுக்கு முலாம் போடுகிறவர் ஒருவர் இருந்தார். வெள்ளியை நாம் கொண்டுபோனால் போட்டுக் கொடுப்பார். அம்மா பெட்டியைத் திறந்து, நான் நடை பழகியபோது போட்டிருந்த தண்டையில் ஒற்றையை எடுத்துவந்தாள்.

“பிள்ள போட்டதா மாமி? இது எதுக்கு?” என்று அண்ணாச்சி கையை இழுத்துக்கொண்டார்.

“அவளுக்கு இனிமே இது காலுக்கு நுழையுமா? எடுத்துண்டு போங்கோ.”

புதன் சாயங்காலம் அண்ணாச்சி கிண்ணத்தைக் கொண்டுவந்தார். வியாழன் காலை அப்பா லீவு போட்டார். அவர் ஓட்ட, அண்ணாச்சி பக்கத்தில் உட்கார, நான் பின்னால். சிக்னலுக்குச் சிக்னல் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். இரண்டு இடத்தில் கார் நின்றது, இரண்டு இடத்திலும் தெருவே தள்ளியது. பாஸிங் இடத்துக்குப் போனால் இன்ஸ்பெக்டர் சின்ன வயது மராட்டிக்காரர். பிரேக்கை மிதிக்கச் சொன்னார். ஹாரனை அடிக்கச் சொன்னார். பிறகு காரை இருட்டாக இருந்த ஒரு கொட்டகைக்குள் விடச் சொல்லி, சுவரைப் பார்த்து விளக்கைப் போடச் சொன்னார். அப்பா சுவிட்சைப் போட்டார்.

சுவரில் இரண்டு வட்டம் விழுந்தது. இரண்டும் நன்றாக இருந்தன. வலப்பக்கத்து வட்டம் ஒரு பிடி அதிக வெளிச்சமாகவே இருந்தது. அது விபூதி போட்டது. இன்ஸ்பெக்டர், “ஏக் நம்பர்,” என்று பாராட்டி முத்திரையைக் குத்தினார். அண்ணாச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டார், வியர்வை என்று சொன்னார்.

சேட் சொன்ன சொல் தவறவில்லை. அன்று முதல் கார் கட்டடத்துக்கு முன்னால் நின்றது. அன்றைய சாப்பாட்டில் அப்பா, “ரசம் நன்னா இருக்கு,” என்றார். அம்மாவைப் பார்த்தே சொன்னார். எங்கள் வீட்டில் சமாதானம் இப்படித்தான் ஆகும். இரண்டாம் மாடி மாமியைத்தான் முதல் சவாரிக்கு அழைத்துப்போனோம். செம்பூர் வரைக்கும் போய்வந்தோம்; வடாம் விஷயத்தை அவள் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

ஆனால் ஹெட்லைட் கதை நிற்கவில்லை. பழைய கார்க்காரர்கள் ஞாயிறு காலைகளில் ஓரிடத்தில் கூடுவார்கள். ஒருவர் காரை மற்றவர் குனிந்து பார்ப்பார்கள். யாராவது விளக்கைப் புகழ்ந்தால் போதும், அப்பா ஆரம்பித்துவிடுவார். “எங்காத்துக்காரி ஒரு ஹெட்லைட்டைப் புளி போட்டுத் தேய்ச்சுட்டா ஸார்! குத்துவிளக்குன்னு நெனைச்சுண்டுட்டா!” எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சிரிப்பாள். கல்யாணில் அத்தை வீட்டில் சொன்னார். என் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடம் சொன்னார். என் குழந்தைகளுக்குக் கதை சொல்கிற மாதிரிச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் நான் அம்மாவைப் பார்ப்பேன். அவள் லேசாகத் தலையை ஆட்டுவாள், வேண்டாம் என்று. நானும் நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டேன். அதுவே பழகிவிட்டது.

அப்பா ரிடயரானதும் செம்பூரில் சின்ன ஃப்ளாட்டுக்குப் போனார்கள். அங்கே காருக்கு இடமில்லை. பூனாவிலிருந்து ஒருவர் வந்து, வால்வு சத்தத்தை மட்டும் காது கொடுத்துக் கேட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு போனார். அம்மா பிறகு நெடுநாள் இருந்தாள். முடிவில் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவள்தான், ஆஸ்பத்திரிக்குக்கூட நேரம் கொடுக்கவில்லை.

அம்மா போய் இரண்டு வருஷம் கழித்து, ஒருநாள் காலையில் அப்பாவுக்குக் காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். அவருக்கு எண்பத்தைந்து. பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, அந்த ஹெட்லைட்டைப் புளி போட்டுத் தேய்ச்சது அம்மா இல்லை. நான்.”

பேப்பரை மடித்தார். “தெரியும்.”

“அம்மா சொன்னாளா?”

“அவ எங்கே சொன்னா? இன்னொண்ணை எடுத்து விபூதி போட்டுத் துடைச்சாளே, அப்பவே தெரிஞ்சுடுத்து. பார்த்த மாத்திரத்துல வெள்ளின்னு சொல்றவ அதுல போய்ப் புளியை வெப்பாளா?”

எனக்குக் கோபம் வந்தது. ஐம்பது வயது தாண்டியவளின் கோபம், நன்றாகவே வந்தது. “பின்னே ஏம்ப்பா? அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னேளா? ஊர் ஊராச் சொல்லிச் சிரிச்சேளே!”

“அவ இல்லைன்னு நான் சொன்னா, அப்புறம் யாருன்னு கேட்டாகணும். நீ பத்து வயசுக் குழந்தை. பயந்துண்டு கீழே வரதையே விட்டிருப்பே. முதல்ல அதுக்காகத்தான் சொல்லலை. அப்புறம் எல்லாரும் சிரிச்சா, அவளும் சிரிச்சா. அப்படியே போயிடுத்து.”

அப்பளம் பொரித்துக்கொண்டே அம்மா என்னிடம் சொன்னதை நான் அவரிடம் சொன்னேன். ஏறக்குறைய இதே வார்த்தைகள். என்னை வண்டிப் பக்கம் விடமாட்டார் என்று பயந்து அவள் பழியை வாங்கிக்கொண்டது. கடைசிவரை அந்தப் பழியை அவர் நம்புகிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா காபி டம்ளரைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். காபி ஆடை கட்டியது.

“எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியாதுப்பா,” என்றேன்.

அன்று அவர் பேப்பரை மறுபடி பிரிக்கவில்லை.